தர்மமா, தம்மமா? பள்ளிக்கரணைக் கொலையை முன்வைத்து

2024 பிப்ரவரி 24ஆம் நாள் இரவு, பள்ளிக்கரணையில் பட்டியல் சாதியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதியைக் கடந்து அவர் திருமணம் செய்துகொண்டு சில மாதங்களே ஆகியிருந்தன. பெண்ணின் உடன்பிறந்தவரும் அவருடைய நண்பர்களும் கைது செய்யப்பட்டனர். இரண்டு மாதம் நிறைவதற்குள், ஏப்ரலில், அந்தப் பெண்ணும் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

கொலை நடந்து பதினொரு நாள் கழித்து, மார்ச் 6ஆம் நாள், சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கியது. 2023 செப்டம்பர் 2ஆம் நாள் சென்னை காமராசர் அரங்கில் நடைபெற்ற சனாதன ஒழிப்பு மாநாட்டையொட்டி எழுந்த வழக்கு அது. உதயநிதி ஸ்டாலின், சேகர்பாபு, ஆ. இராசா ஆகியோர் எந்தத் தகுதியில் பதவியில் நீடிக்கின்றனர் என்று மனுதாரர்கள் கேட்டிருந்தனர். நீதிபதி அனிதா சுமந்த் அவர்களைப் பதவியிலிருந்து நீக்கும் ஆணை எதையும் பிறப்பிக்கவில்லை. ஆனால், சனாதன தர்மம் என்பது என்றுமுள்ள உயர்ந்த நடத்தை நெறி என்றும், அதை வருணப் பாகுபாட்டோடு சமப்படுத்துவது பிழை என்றும் கூறினார். இன்று நாம் அறியும் சாதி முறை நூறாண்டுக்கும் குறைந்த வயதுடையது என்னும் கருத்தும் அத்தீர்ப்பில் வெளிப்பட்டது.

ஒரு செய்தி குற்றப் பக்கத்திலும் மற்றொன்று அரசியல் பக்கத்திலும் அச்சாயின. நாம் இவ்விரண்டையும் ஒரே கேள்வியாக வாசிக்க விரும்புகிறோம். பள்ளிக்கரணை வழக்கில் யாருக்கு என்ன பொறுப்பு என்பதை விசாரணை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். நம் கேள்வி, இத்தகைய கொலைகளுக்கு முன்பே ஊரில் ஆயத்தமாக நிற்கும் நியாயத்தைப் பற்றியது. தர்மம் என்ற சொல்லுக்கு அகராதியும் உரையாசிரியரும் என்ன பொருள் தருகின்றனர் என்பதை மட்டும் கொண்டு அதை மதிப்பிட முடியாது. ஒரு பெண் சாதியைக் கடந்து மணக்கும்போது அவள் தந்தையிடமும் அண்ணனிடமும் அது என்ன எதிர்பார்க்கிறது என்பதைக் கொண்டுதான் மதிப்பிட வேண்டும். இந்து மரபு தர்மம் என்பதையும் பௌத்த மரபு தம்மம் என்பதையும் இந்த அளவுகோலின்கீழ் வைத்துப் பார்ப்போம்.

வழக்கில் உள்ள தர்மம்

தமிழ்ப் பேச்சில் இச்சொல் பல முகங்களோடு வாழ்கிறது. கோயில் வாசலில் கை நீட்டுபவர் கேட்பது தர்மம். கோயில் சொத்தை நிர்வகிப்பவர் தர்மகர்த்தா. இரண்டு கடமைகளுக்கு நடுவே சிக்கிக்கொள்வது தர்மசங்கடம். திருடன் என்று பிடித்த ஒருவரை ஊர் கூடி அடித்தால், நாளேடுகள் அதைத் 'தர்ம அடி' என்று எழுதுகின்றன.

இக்கடைசி வழக்கு நம் கவனத்துக்குரியது. யார் அடித்தார் என்று எவரும் கேட்காத அடி அது. சட்டத்தின் கண்ணில் அது தாக்குதல். ஆனால் ஊரின் ஒப்புதல் கிடைத்தவுடன் அதைச் செய்தவருக்குக் குற்ற உணர்வு தோன்றுவதில்லை. கடமையாற்றிய நிறைவே தோன்றுகிறது. சாதி ஆணவக் கொலைகளுக்கு முன்னும் பின்னும் நாம் கேட்கும் பேச்சு இதே வகையைச் சேர்ந்தது. 'மானம் போய்விட்டது', 'ஊரில் தலைகாட்ட முடியவில்லை', 'நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது' என்கிறார்கள். இவற்றுள் ஒன்றேனும் கொல்லப்பட்டவர் செய்த தீங்கைப் பற்றிப் பேசுவதில்லை. தம் சாதிக்குத் தாம் செலுத்த வேண்டிய கடனைப் பற்றியே அவை பேசுகின்றன.

பள்ளிக்கரணை ஒதுக்குப்புறச் சிற்றூர் அன்று. 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த பகுதி; ஒருபுறம் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற சதுப்புநிலம், மறுபுறம் வேளச்சேரி, தாம்பரம், பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் வளாகங்கள். பல மாவட்டத்து மக்கள் கலந்து வாழும் இடம். 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் கொல்லப்பட்ட பட்டியலின இளைஞர் மென்பொருள் நிறுவன ஊழியர். கைதானவரின் பெற்றோர் இருவரும் காவல்துறையில் பணிபுரிந்தவர்கள். நகரமும் கல்வியும் அரசுப் பணியும் அந்தக் 'கடனை' அழித்துவிடவில்லை.

நூல்கள் வகுத்த கடமை

தாங்குதல், நிலைநிறுத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த வடசொல் தர்மம். எதைத் தாங்குவது என்பதே கேள்வி. இந்து நூல்கள் இரு வகைத் தர்மங்களைச் சொல்கின்றன. கொல்லாமை, வாய்மை, களவாமை போன்றவை எல்லாருக்கும் பொதுவான சாதாரண தர்மம். மனுநூலின் பத்தாம் அத்தியாயமே இவற்றை நான்கு வருணத்துக்கும் பொதுவென்று பட்டியலிடுகிறது. பிறப்பாலும் வாழ்நிலையாலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விதிக்கப்படுவது சுவதர்மம். சனாதனத்துக்காக வாதிடுவோர் முதல் வகையை எடுத்துக்காட்டுகின்றனர். 2023 செப்டம்பரில் திருவாரூர் அரசுக் கல்லூரிச் சுற்றறிக்கை குறித்த வழக்கில் நீதிபதி சேஷசாயி, சனாதன தர்மத்தை நாடு, பெற்றோர், குரு, ஏழைகள் ஆகியோருக்கு ஆற்ற வேண்டிய என்றுமுள்ள கடமைகளின் தொகுப்பாக விளக்கியதும் இவ்வழியில்தான். தீண்டாமைக்கு அதில் இடமிருக்க முடியாது என்றும் அவர் சொன்னார். அந்த நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை.

ஆனால் பொதுத் தர்மமும் பிறப்புத் தர்மமும் மோதும்போது எது வெல்கிறது? பகவத் கீதையின் களமே இந்த மோதல்தான். உறவினரைக் கொல்ல மனமின்றி வில்லைக் கீழே வைக்கும் அர்ச்சுனனுக்கு, சத்திரியனின் கடமையைச் செய் என்பதே விடையாகக் கிடைக்கிறது. குறையுடையதாயினும் தன் தர்மமே சிறந்தது, பிறர் தர்மம் அச்சம் தருவது என்னும் கொள்கை அந்நூலில் ஒருமுறைக்கு மேல் வருகிறது. போரை மறுக்க அர்ச்சுனன் சொல்லும் காரணங்களையும் கவனிக்க வேண்டும். குலம் அழிந்தால் பெண்கள் கெடுவர், வருணங்கள் கலக்கும், முன்னோர் வீழ்வர் என்று அவன் அஞ்சுகிறான். அவனை மறுத்துப் பேசும் கண்ணனும் கலப்பை ஒரு கேடாகவே குறிப்பிடுகிறான். போர் வேண்டும் என்பவனும் வேண்டாம் என்பவனும் உடன்படும் இடம் அதுவே.

மனுநூல் இவ்வச்சத்தை விதியாக்கியது. உயர் வருண ஆணும் கீழ் வருணப் பெண்ணும் கூடுவது அனுலோமம். அதற்கு ஓரளவு பொறுப்பு உண்டு. பெண் உயர்ந்தவளாகவும் ஆண் தாழ்ந்தவனாகவும் இருப்பது பிரதிலோமம்; அதற்குக் கடும் இழிவு. சூத்திர ஆணுக்கும் பார்ப்பனப் பெண்ணுக்கும் பிறக்கும் குழந்தையைச் சண்டாளர் என்று பெயரிட்டு ஊருக்கு வெளியே நிறுத்தியது அந்நூல். தீண்டத்தகாதவர் எப்படித் தோன்றினர் என்பதற்கு அது தரும் விளக்கமே சாதி மறுப்புத் திருமணம்தான். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த தம் கட்டுரையில், அகமணமே சாதியின் உயிர் என்று அம்பேத்கர் காட்டியதும், 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் கலப்பு மணத்தை மெய்யான மருந்தாகவும் சாத்திரங்களின் புனிதத்தை உடைப்பதை அதற்கு முன்நிபந்தனையாகவும் வைத்ததும் இதனால்தான்.

நீதிமன்றம் காத்த வருணம்

இவையெல்லாம் பழைய ஏடுகள், இன்றைய வாழ்வுக்குத் தொடர்பற்றவை என்று சொல்வோர் உண்டு. சட்டத்தின் வரலாறு வேறு சொல்கிறது. ஆங்கிலேய ஆட்சியில் 'இந்துச் சட்டம்' என்ற பெயரில் தர்ம சாத்திரங்கள் நீதிமன்றங்களில் நடைமுறையில் இருந்தன. பிரதிலோமத் திருமணங்களை அந்நீதிமன்றங்கள் செல்லாதவை என்று தீர்ப்பளித்தன. மணமக்கள் சேர்ந்து வாழ்ந்தாலும், பிள்ளை பெற்றாலும், சட்டம் அவர்களைக் கணவன் மனைவியாக ஏற்கவில்லை. 1872ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மணக்க, தாம் இந்து முதலிய எந்த மதத்தையும் சேர்ந்தவர் அல்லர் என்று உறுதிமொழி தர வேண்டியிருந்தது. இந்துக்களிடையே சாதி கடந்த திருமணங்களைச் செல்லுபடியாக்க 1918இல் விட்டல்பாய் பட்டேல் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை. விடுதலைக்குப் பின், 1949இல் இயற்றிய இந்துத் திருமணச் செல்லுபடிச் சட்டமே அத்தடையை நீக்கியது.

ஆக, தர்மம் என்ற பெயரில் அகமணம் இந்நாட்டின் நீதிமன்றங்களால் நடைமுறைப்படுத்தப்பட்ட காலம் நம் பாட்டன் பாட்டியரின் காலம். சாதி நூறாண்டுக்குள் தோன்றியது என்பதைவிட, சாதிக்குச் சட்டம் தந்த காவல் நூறாண்டுக்குள்தான் விலகியது என்பதே வரலாற்றுக்குப் பொருந்தும். தமிழ்நாடு ஓரடி முன்னே சென்றது. அண்ணா ஆட்சியில், 1967இல், இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவு சேர்க்கப்பட்டது. புரோகிதரும் சடங்கும் இன்றி, உற்றார் நண்பர் முன்னிலையில், மாலையோ மோதிரமோ மாற்றியோ தாலி கட்டியோ செய்யும் சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும். வழக்கறிஞர்கள் நண்பர் என்ற நிலையில் இத்தகைய திருமணத்துக்குத் துணைநிற்கலாம் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியது.

தம்மம் தந்த மறுமொழி

பாலி மொழியில் தம்மம் என்பது அதே சொல்தான். புத்தர் சொல்லை மாற்றவில்லை. அது தாங்க வேண்டிய பொருளை மாற்றினார். பிறப்புப் படிநிலையைத் தாங்குவது அதன் வேலையாக இல்லை. மனிதர்க்கிடையே உள்ள நடத்தையே அதன் களமாயிற்று.

கலப்பு மணம் குறித்து பௌத்த நூல்கள் நேராகவே பேசுகின்றன. மச்சிம நிகாயத்தின் அஸ்ஸலாயன சுத்தத்தில், பார்ப்பன வருணமே உயர்ந்தது என்று வாதிட வந்த இளைஞரிடம் புத்தர் ஒரு கேள்வி கேட்கிறார். குதிரையும் கழுதையும் கூடினால் பிறப்பது கோவேறு கழுதை என்னும் வேறோர் உயிர். சத்திரியரும் பார்ப்பனரும் கூடினால் பிறப்பது என்ன? தாயையும் தந்தையையும் ஒத்த மனிதக் குழந்தைதானே? எல்லைப்புறத்து யவன, காம்போச நாடுகளில் ஆண்டான், அடிமை என்ற இரு பிரிவே உண்டு, அவர்களும் இடம் மாறக்கூடும் என்றும் அவர் எடுத்துக்காட்டுகிறார். எனவே வருணம் இயற்கை அன்று. இடத்துக்கு இடம் மாறும் ஏற்பாடு.

திவ்யாவதானத்தில் உள்ள சார்தூலகர்ணன் கதை இதைவிட நெருக்கமானது. மாதங்கர்களின் தலைவன் திரிசங்கு, தன் மகனுக்காகப் பார்ப்பன அறிஞர் புஷ்கரசாரியின் மகளைப் பெண் கேட்கிறான். பார்ப்பனர் சினந்து இழித்துரைக்கிறார். திரிசங்கு வாளை எடுக்கவில்லை. பிறப்பிலும் உடலிலும் இறப்பிலும் மனிதர்க்குள் வேறுபாடு எங்கே என்று வாதிடுகிறான். இறுதியில் பெண்ணின் தந்தை இணங்குகிறார். சண்டாளப் பெண் ஒருத்தியிடம் ஆனந்தர் தண்ணீர் வாங்கிக் குடிக்கும் நிகழ்ச்சியும் இக்கதையோடு சேர்ந்ததே. குமாரன் ஆசானின் 'சண்டாலபிட்சுகி', தாகூரின் 'சண்டாளிகா' ஆகியவற்றுக்கு மூலம் அது.

தமிழில் மணிமேகலை உண்டு. வேள்விக்குக் கட்டிய பசுவை விடுவித்த ஆபுத்திரனைப் பார்ப்பனர் அடிக்கின்றனர். அவன் பிறப்பைச் சொல்லி இழிக்கின்றனர். நீங்கள் போற்றும் முனிவர்களின் பிறப்பு எத்தகையது என்று அவன் திருப்பிக் கேட்கிறான். வளர்த்த தந்தையும் கைவிட, ஊரார் அவன் பிச்சைப் பாத்திரத்தில் கல்லை இடுகின்றனர். பின்னர் அமுதசுரபி கிடைப்பது அவனுக்குத்தான். பசிக்குச் சோறும் உடுக்கத் துணியும் இருக்க இடமும் எல்லா உயிர்க்கும் தருவதே அறம் என்று வரையறுக்கும் காப்பியம், அந்த அறத்தின் பாத்திரத்தை யார் கையில் தருகிறது என்பதை மாணவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும்.

அறம் என்ற தமிழ்ச்சொல்லும் போராட்டம் இல்லாமல் நம்மிடம் வந்து சேரவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், மனு முதலிய நூல்கள் விதித்ததைச் செய்தலும் விலக்கியதை ஒழித்தலுமே அறம் என்றும், அதன் ஒரு கூறான ஒழுக்கம் வருண ஆசிரம நிலைக்கேற்ப நிற்பது என்றும் எழுதினார். பிறப்பால் எல்லா உயிரும் ஒன்று என்று சொல்லும் நூலின் வாசலிலேயே வருணம் உட்கார வைக்கப்பட்டது. இதை எதிர்த்த முன்னோடிகளில் தலையானவர் அயோத்திதாசப் பண்டிதர். 1898இல் கர்னல் ஆல்காட்டோடு இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, தாழ்த்தப்பட்டோர் பூர்வ பௌத்தர் என்றும் குறள் பௌத்த அறநூல் என்றும் வாரந்தோறும் எழுதினார். பேராசிரியர் இலட்சுமி நரசு அதே 1907இல் ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த நூலை, 1948இல் அம்பேத்கர் முன்னுரையுடன் மறுபதிப்பாக்கினார். பள்ளிக்கரணையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், தாம்பரம் சானடோரியத்தில், தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அயோத்திதாசர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே மருந்து வாங்க வரிசையில் நிற்போருக்கு அவர் சித்த மருத்துவர் என்பது தெரிந்திருக்கலாம். சாதியற்ற அறத்தை மீட்க எழுதியவர் என்பதையும் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு.

1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பல இலட்சம் மக்களோடு பௌத்தம் தழுவிய அம்பேத்கர், அவர் மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் இவ்வேறுபாட்டைத் தெளிவாக வகுத்தார். மதம் தனிமனிதருக்கும் கடவுளுக்கும் உள்ள உறவு. தம்மம் மனிதருக்கும் மனிதருக்கும் உள்ள உறவு. தனியே வாழும் ஒருவருக்குத் தம்மம் தேவையில்லை; இருவர் ஆனவுடன் தேவைப்படுகிறது. ஒழுக்கம் இருந்தால் மட்டும் போதாது என்றும் அவர் எச்சரித்தார். திருடர் கூட்டத்துக்கும் தனி ஒழுக்கம் உண்டு, சாதிக்கும் உண்டு. தம் கூட்டத்தின் நலனைக் காக்கும் அத்தகைய ஒழுக்கம் பிறர்க்குக் கேடாகவே முடியும். ஆகையால் ஒழுக்கம் எல்லாருக்கும் பொதுவானதாகவும் மீற முடியாத புனிதம் உடையதாகவும் இருக்க வேண்டும் என்றார். 'மானம்' என்று ஊர் சொல்வது எது என்பதை இவ்விளக்கம் பிடித்துக் காட்டுகிறது. அது ஒழுக்கமின்மை அன்று. ஒரு கூட்டத்துக்குள் மட்டும் செல்லும் ஒழுக்கம். அக்கூட்டத்துக்கு வெளியே இருப்பவரின் உயிர் அதன் கணக்கில் வருவதில்லை.

பெயர் மட்டும் காக்காது

தம்மம் என்ற பெயரே காவலாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. இலங்கையில் 1753இல் தாய்லாந்துப் பிக்குகளின் வழியாகத் துறவற மரபு மீட்கப்பட்டபோது உருவான சியாம் நிகாயம், விரைவிலேயே கொவிகம சாதியினருக்கு மட்டும் உயர்நிலைத் துறவறம் தரும் அமைப்பாகச் சுருங்கியது. விலக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பிக்குகள் பர்மா சென்று துறவறம் பெற்று, 1803இல் அமரபுர நிகாயத்தைத் தொடங்கினர். சங்கத்துக்குள் சாதி கூடாது என்ற நெறியின் பெயரிலேயே சாதி சங்கத்துக்குள் புகுந்தது. பின்னாளில் அந்நாட்டின் அரசமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்ததும், அது தமிழர்க்கு எத்தகைய அரசாக விளைந்ததும் நாம் அறிந்தவை. ஆகவே நம் அளவுகோல் எல்லாருக்கும் பொதுவானது. கொவிகமத் தந்தையிடமும் தமிழ்நாட்டுத் தந்தையிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறோம். ஒரு வேறுபாடு உண்டு. அமரபுர பிக்குகள் தம் விலக்கத்தை எதிர்க்க புத்தரின் சொல்லையே சான்றாகக் காட்ட முடிந்தது. பள்ளிக்கரணை இணையர் தம் திருமணத்துக்கு மனுவைச் சான்றாகக் காட்ட முடியாது.

சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் அண்ணன்

அரசமைப்பின் 13ஆம் உறுப்பு, அடிப்படை உரிமைகளுக்கு முரணான வழக்காறுகளுக்குச் சட்ட வலிமை இல்லை என்கிறது. ஆயினும் வழக்காறு நீதிபதியின் மனத்துக்குள் நுழையும் வழிகள் உண்டு. 2009 டிசம்பரில் மகாராட்டிர வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு அதற்குச் சான்று. சாதி கடந்து மணந்த தங்கையின் கணவர் உள்ளிட்டோரைக் கொன்ற அண்ணனுக்கு விதித்த மரண தண்டனையை அது ஆயுள் சிறையாக மாற்றியது. மரண தண்டனையை நீக்கியதில் நமக்கு மறுப்பில்லை. அதற்குச் சொன்ன காரணங்களுள் ஒன்றே நம் கவலை. தங்கை இவ்வாறு மணந்தால் தடுக்கத் தவறியவன் என்று சமூகம் அண்ணனையே பொறுப்பாக்குகிறது, ஏளனத்துக்கு ஆளாக்குகிறது என்பது பொது அனுபவம் என்று நீதிமன்றம் கருதியது. சாதியைத் தீது என்று சொல்லிக்கொண்டே, சாதி விதித்த கடமையைத் தண்டனைக் குறைப்புக்குக் காரணமாக ஏற்றது. 2011இல் வேறோர் அமர்வு ஆணவக் கொலைகளைக் கடுமையாகக் கண்டித்தது உண்மை. எனினும் கண்டனத்தின் கடுமை தண்டனையின் அளவைப் பற்றியதாகவே நின்றது. அண்ணனுக்கு அப்படி ஒரு கடமை உண்டு என்னும் எண்ணத்தை நீதிமன்றம் ஆராய்ந்து தள்ளவில்லை.

உயிர் போகுமுன் செய்ய வேண்டியவற்றில்தான் பெரிய இடைவெளி இருக்கிறது. மாவட்டந்தோறும் தனிப்பிரிவும் இருபத்துநான்கு மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஏப்ரலில் ஆணையிட்டது; அதற்கு முந்தைய மாதம் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் ஓர் இளைஞர் கொல்லப்பட்டிருந்தார். 2018 மார்ச் 27 அன்று சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் மணக்கக் குடும்பத்தின், சமூகத்தின் ஒப்புதல் தேவையில்லை என்று கூறி, பாதுகாப்பு இல்லங்கள், தனிப்பிரிவுகள், கடமை தவறும் அலுவலர் மீது நடவடிக்கை, விரைவு விசாரணை ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. 2003இல் விருத்தாசலம் பகுதியில் ஓர் இணையர் நஞ்சூட்டிக் கொல்லப்பட்ட வழக்கிலோ, இறுதித் தீர்ப்பு 2025 ஏப்ரல் 28 அன்றுதான் வந்தது. அதில் காவல்துறையினர் மீதான தண்டனையும் உறுதியாயிற்று.

2025 அக்டோபரில் முதலமைச்சர், ஆணவக் கொலைகளுக்கு எதிரான சட்டம் குறித்துப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமையும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். கொலைக்கு மரண தண்டனையும் ஆயுள் தண்டனையும் ஏற்கெனவே இருக்கின்றன. புதிய சட்டம் எதுவாயினும் அது நான்கு இடங்களில் வேலை செய்ய வேண்டும் என்பது நம் நிலைப்பாடு.

முதலாவது, அச்சுறுத்தலைத் தனிக் குற்றமாக்க வேண்டும். வீட்டுக்காவல், மிரட்டல், பொய்க் கடத்தல் புகார், காவல் நிலையத்தில் வைத்துப் பெண்ணைப் பெற்றோரிடம் 'ஒப்படைத்தல்' ஆகியவை கொலைக்கு முந்தைய படிகள். வயது வந்த பெண்ணை எவரிடமும் ஒப்படைக்கக் காவல்துறைக்கு உரிமையில்லை.

இரண்டாவது, சிறப்புத் திருமணச் சட்டத்தின் முப்பது நாள் அறிவிப்பு, இணையர் எங்கே இருக்கின்றனர் என்பதைத் தேடுவோருக்குக் காட்டிக்கொடுக்கிறது. நடுவண் சட்டமாயினும், குடியரசுத் தலைவர் ஒப்புதலுடன் மாநிலத் திருத்தம் கொண்டுவரத் தடையில்லை. 7அ பிரிவே அதற்கு முன்மாதிரி.

மூன்றாவது, உயிர் பிழைத்த துணையைக் காக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2(1)(ஈசி) பிரிவு, பாதிக்கப்பட்டவர் என்பதில் உறவினரையும் சட்டப்படியான வாரிசுகளையும் சேர்க்கிறது. கொல்லப்பட்டவரின் மனைவி எந்தச் சாதியில் பிறந்தவராயினும் அவ்வகையில் பாதிக்கப்பட்டவரே. 15அ பிரிவின்கீழ் பாதுகாப்பும், வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் தகவல் பெறும் உரிமையும், பிணை மனுவில் கேட்கப்படும் உரிமையும் அவருக்கு உண்டு. பிறந்த வீட்டை இழந்து, கணவரையும் இழந்து நிற்கும் பெண்ணுக்கு இவை நாள்தோறும் கிடைக்க வேண்டியவை. பள்ளிக்கரணையில் இரண்டாவது உயிர் போனதை இந்தக் கோணத்தில் ஆராயாத எந்தச் சட்டமும் பாதி வேலையையே செய்யும்.

நான்காவது, குடும்ப மானம், சாதி வழக்கம், சமூக அழுத்தம் ஆகியவற்றைத் தண்டனைக் குறைப்புக்கோ பிணைக்கோ காரணமாக ஏற்கக் கூடாது என்று வெளிப்படையாக எழுத வேண்டும். அண்ணனுக்குச் சாதி விதித்த கடமையைச் சட்டம் கடமையாகவே கருதாது என்பதை அப்போதுதான் நீதிபதியும் காவலரும் ஊரும் ஒருசேர அறிவர்.

சனாதன தர்மத்தின் மெய்ப்பொருள் அன்பும் கடமையும்தான் என்று நம்புவோரிடம் நமக்குப் பகையில்லை. அவர்களிடம் நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. கலப்பு மணத்தைக் கேடு என்று சொல்லும் விதிகள் தர்மத்தைச் சேர்ந்தவை அல்ல என்று மடாதிபதிகளும் ஆதீனங்களும் கோயில் மேடைகளில் அறிவிக்கட்டும். சாதி கடந்த திருமணங்களைத் தம் மண்டபங்களில் நடத்திவைக்கட்டும். கல்லூரி மாணவர்களிடமும் இயக்கத் தோழர்களிடமும் நாம் கேட்பது, உங்கள் பகுதிக் காவல் ஆணையரகத்தில், மாவட்டத்தில், 2016 ஆணைப்படியான தனிப்பிரிவும் உதவி எண்ணும் இயங்குகின்றனவா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை பேருக்குப் பாதுகாப்பு கிடைத்தது என்றும் கேளுங்கள். விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். பள்ளிக்கரணை அடங்கிய தாம்பரம் ஆணையரகத்திலிருந்தே தொடங்கலாம்.